மைனாவின் குரல்

2025 ஜனவரி 6, திங்கள்

மைனா என்ற பூனை எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. 11 மாதம் காப்பகத்துக் கூண்டில் இருந்தவள். அதற்கு முன் 7 ஆண்டுகள் ஒரு மூதாட்டியின் வீட்டில் தனிச்செல்லமாக வளர்ந்தவள். அந்த அம்மையார் காலமான பிறகு வைத்துக்கொள்ள ஆளில்லாமல் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. “கொஞ்சம் பேசுவாள்” என்று அங்கிருந்த பெண் சொன்னபோது, அதைக் கூடுதல் அழகு என்றே எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் அல்ல. நான் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே நின்று கத்துகிறாள். வெளியே வந்தால் காலைச் சுற்றிக்கொண்டு கத்துகிறாள். வேலை செய்ய மேசை முன் உட்கார்ந்தால், நாற்காலிக்குக் கீழே அமர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்து, நெஞ்சு விம்ம ஒரு நீண்ட குரல் கொடுத்துவிட்டு, பதில் வருகிறதா என்று காதுகளை முன்னால் திருப்பிக் காத்திருக்கிறாள். உணவு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அவள் மலஜலம் கழிக்கும் மணல்பெட்டியான லிட்டர் பாக்ஸ் சுத்தமாக இருக்கிறது. “வாயில்லா ஜீவன் என்பார்கள், இது வாயைத் திறந்தே கேட்கிறதே” என்று அம்மா நெகிழ்ந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டார்.

2025 ஜனவரி 9, வியாழன்

விடியற்காலை 4:20. படுக்கையறைக் கதவைப் பிறாண்டும் சத்தமும் அதோடு சேர்ந்த குரலும். எழுந்து ஒரு கைப்பிடி உலர் உணவைப் போட்டேன், உடனே அமைதியானாள். நேற்றும் இதே நேரம், முந்தாநாளும் இதே நேரம்தான்.

பகலில் தலை கனக்கிறது. ஆனாலும் அவள் மேல் கோபம் வரவில்லை. பூனைகள் வைகறையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். இரை நடமாடும் நேரத்தை ஒட்டி அமைந்த உடல் அது. விடியலுக்கு முன் அவள் விழித்திருப்பது குற்றமல்ல. விழித்தவுடன் என்னைத் தேட வேண்டியிருக்கிறதே, அங்கேதான் ஏதோ இருக்கிறது.

2025 ஜனவரி 17, வெள்ளி

ஒரு வாரமாக ஒரு நோட்டில் குறித்துவருகிறேன்: எத்தனை மணிக்குக் கத்தினாள், எங்கே நின்று கத்தினாள், எவ்வளவு நேரம், அப்போது நான் என்ன செய்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான், ‘நாள் முழுக்கக் கத்துகிறாள்’ என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது சரியல்ல என்று தெரிந்தது. காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை அநேகமாகச் சத்தமே இல்லை, தூங்குகிறாள். விடியலில் ஒரு பெரிய அலை, உணவு நேரங்களில் ஒன்று, நான் கதவை மூடும்போதெல்லாம் சிறு சிறு அலைகள், இருட்டும் வேளையில் இன்னொன்று.

குரலிலும் வேறுபாடு இருக்கிறது. என்னைக் கண்டதும் வாயைத் திறக்காமலே தொண்டையில் எழுப்பும் ‘ம்ர்ர்’ என்ற சிற்றொலி ஒரு நலம் விசாரிப்பு. மூடிய கதவின் முன் எழுவது, ஏறிப்போய் உச்சியில் உடைகிற குரல். விடியற்காலைக் குரல் இரண்டிலும் சேராது. சீராக, இடைவெளி விட்டு, வாசலில் நின்று அழைக்கிறவர் போல விடாமல் வருவது.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது மிக அரிது. குட்டியாக இருக்கையில் தாயை அழைக்கும் அந்தக் குரலை, மனிதரோடு வாழும் பூனை வளர்ந்த பிறகும் நமக்காக வைத்துக்கொள்கிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உணவு கேட்கும்போது சில பூனைகள் எழுப்பும் குர்குர் ஓசைக்குள், குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த அதிர்வெண் ஒன்று பொதிந்திருப்பதைக் கண்டார்கள். பூனை வளர்த்தறியாதவர்கள்கூட அதைக் கேட்டு ‘அவசரம்’ என்று உணர்ந்தார்கள். 4:20க்கு என் கால்கள் தாமாகவே படுக்கையை விட்டு இறங்குவது ஏன் என்று இப்போது புரிகிறது. எந்தக் குரலுக்கு நான் எழுவேன் என்பதை மைனா என்னிடமிருந்தே கற்றிருக்கிறாள்.

2025 ஜனவரி 20, திங்கள்

நோட்டில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது: ‘உணவு நேரம், கிண்ணம் நிறைந்திருக்கிறது, ஆனாலும் கத்துகிறாள்.’ துணைக்கு ஆள் வேண்டும், பக்கத்தில் உட்காரச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்து, நானும் உட்கார்ந்து தடவிக்கொடுத்தேன்.

இன்று கையைக் கட்டிக்கொண்டு, பார்ப்பதை மட்டும் செய்தேன். கிண்ணத்தை நோக்கி ஆவலோடுதான் ஓடினாள். ஒரு உருண்டையைக் கவ்வினாள், தலையை வலப்பக்கம் சாய்த்தாள், ஒருமுறை கடித்ததும் கீழ்த்தாடை வெடுக்கென்று நடுங்கியது. உருண்டை வாயிலிருந்து விழுந்தது. இரண்டடி பின்னால் போய்க் கிண்ணத்தையே பார்த்தபடி கத்தினாள். மறுபடி வந்தாள். இந்த முறை கடிக்காமல் விழுங்கினாள். பசி இருந்தும் சாப்பிட அஞ்சுகிறாள். இரண்டு வாரமாக இது என் கண் முன்னால் நடந்திருக்கிறது. அதைச் செல்லம் என்று நினைத்ததை எண்ண எண்ண வேதனையாக இருக்கிறது. நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன்.

2025 ஜனவரி 22, புதன்

மருத்துவர் முதலில் கேட்டது வயதைத்தான். வயதான பூனை திடீரென்று அதிகமாகக் கத்தத் தொடங்கினால் தைராய்டு மிகைச்சுரப்பு, உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, காது மந்தம், மூளையின் முதுமைத் தளர்ச்சி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றார். கருத்தடை செய்யப்படாத பெண் பூனையாக இருந்தால் பருவக் காலத்துக் கூவலே காரணமாக இருந்துவிடும். மைனாவுக்குக் காப்பகத்திலேயே அந்த அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், முன்காலில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

வாயைத் திறந்து இடது கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பல்லை லேசாகத் தொட்டதும், வீட்டில் நான் பார்த்த அதே நடுக்கம். ஈறை ஒட்டிய இடத்தில் பல் அரிக்கப்பட்டு, அந்தப் பள்ளத்தை ஈறுத்தசை மூடியிருந்தது. இது சொத்தைப் பல் அல்லவாம். பூனையின் உடலே தன் பல்லைக் கரைத்துக்கொள்வது. வளர்ந்த பூனைகளுக்கு இது மிகப் பரவலாக வருகிறதாம், கடுமையாக வலிக்குமாம். அடைத்துச் சரிசெய்ய வழியில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும். பூனைகள் வலியை மறைக்கும் என்று சொல்வார்கள். மைனா மறைக்கவே இல்லை. கிண்ணத்தின் முன் நின்று தினமும் சொன்னாள்.

2025 ஜனவரி 28, செவ்வாய்

மயக்க மருந்து கொடுத்து இரண்டு பற்களை எடுத்துவிட்டார்கள். இரவெல்லாம் என் காலடியில் சுருண்டு படுத்திருந்தாள். ஈர உணவு மட்டும் கொடுக்கிறோம்.

2025 பிப்ரவரி 5, புதன்

கிண்ணத்தின் முன் கத்துவது நின்றுவிட்டது. ஓசையில்லாமல், தலை சாய்க்காமல், கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். ஆனால் விடியற்காலைக் குரல் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் உடம்பு தேறியதில் இன்னும் கணீரென்று ஒலிக்கிறது. ஆக, ஒரே குரல் என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒரு பாதி வலி, மறு பாதி பழக்கம். வலியை மருத்துவர் எடுத்துவிட்டார். பழக்கத்தை உண்டாக்கியது நான்தான் என்பதற்கு நோட்டே சாட்சி.

முதல் நாள் 5 நிமிடத்தில் எழுந்திருக்கிறேன். பிறகு 12 நிமிடம் பொறுத்து எழுந்திருக்கிறேன். ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு 40 நிமிடம் தாங்கிவிட்டு, பிறகு எழுந்து உணவு போட்டிருக்கிறேன். அந்த நாள் அவள் கற்றுக்கொண்டது, 40 நிமிடம் கத்தினால் கதவு திறக்கும் என்பதுதான். சில நாள் கிடைத்து சில நாள் கிடைக்காமல் போகும் பலன், நாள்தோறும் தவறாமல் கிடைப்பதைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். சில நாள் கருணை, சில நாள் கண்டிப்பு என்று நான் நடந்துகொண்டது இரண்டில் ஒன்றையே விடாமல் கடைப்பிடித்திருந்தால் வந்திருக்கக் கூடியதைவிட மோசமான பழக்கத்தைக் கொடுத்துவிட்டது.

2025 பிப்ரவரி 8, சனி

மூன்று இரவுகள் எழுந்திருக்கவில்லை. முதல் இரவு 35 நிமிடம். இரண்டாம் இரவு 50. மூன்றாம் இரவு ஒரு மணி நேரத்தையும் தாண்டி, கதவில் மோதி, இதுவரை கேட்டிராத கட்டையான குரலில் கத்தினாள். வழக்கமான பலன் நின்றுவிட்டால் ஒரு பழக்கம் அடங்குவதற்கு முன் ஒருமுறை பொங்கி எழும் என்று தெரிந்துதான் இருந்தேன். ஆனால் தெரிந்திருப்பது இருட்டில் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க உதவவில்லை. பொங்கும் நேரத்தில் விட்டுக்கொடுத்தால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று அமைதி.

காலையில் பார்த்தால் கிண்ணத்தில் உணவுத் துணுக்குகள். அம்மா எழுந்து போட்டிருக்கிறார்.

“என்னம்மா இது, சொல்லியிருந்தேனே?”

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்மா. தொண்டை கிழியக் கத்தறப்போ நான் எப்படிப் படுத்திருக்கிறது?”

அம்மாவிடம் வாதாட முடியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. 7 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டையும் வளர்த்தவரையும் இழந்து, கூண்டில் 11 மாதம் கிடந்து, மூன்றாவது இடமாக இங்கே வந்திருப்பவள் அவள். கதவு மூடியிருக்கிறது, குரலுக்குப் பதிலே இல்லை என்றால் அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? கத்துவதைப் பொருட்படுத்தாதே என்பது பாதி மருந்துதான். அழாமலே பால் கிடைக்கும் என்று அவளுக்குக் காட்ட வேண்டிய மறுபாதியை நான் தொடங்கவே இல்லை.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

கத்தும்போது முகத்தில் தண்ணீர் பீச்சினால் அடங்கிவிடும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். செய்யப் போவதில்லை. எதற்காகத் தண்ணீர் படுகிறது என்று அவளுக்குப் புரியாது. யார் கையிலிருந்து வருகிறது என்பது மட்டும் புரியும். ஆளைத் தேடி அழைப்பவளுக்கு அந்த ஆளையே அச்சமாக்கிவிட்டால் பிறகு மிச்சம் என்ன இருக்கிறது?

2025 பிப்ரவரி 19, புதன்

பத்து நாளாக வீட்டில் புதிய ஒழுங்கு. அம்மாவும் ஒப்புக்கொண்டு முழுமனதோடு துணை நிற்கிறார்.

இரவு படுக்கப் போவதற்கு முன் 15 நிமிடம் குச்சியில் கட்டிய இறகை வைத்து விளையாட்டு. இறகை அவள் முகத்துக்கு நேரே ஆட்டக் கூடாது; தரையோடு தரையாக, சோபாவுக்கு அடியில் பதுங்குவது போல, அவளை விட்டு விலகி ஓட வேண்டும். நான்கைந்து முறையாவது அவள் அதைப் பிடிக்க வேண்டும். விளையாட்டு முடிந்தவுடன் அன்றைய பெரிய உணவு. வேட்டையாடி, உண்டு, உடலை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு உறங்குவது பூனையின் இயல்பான வரிசை. அந்த வரிசையைப் பின்பற்றியதும், சொல்லிவைத்தாற்போல, நக்கி முடித்துச் சுருண்டுவிடுகிறாள்.

விடியற்காலைக்கு, நேரம் வைத்தால் தானே திறக்கும் தானியங்கி உணவுப் பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தேன். முதலில் 4:15க்கு, அதாவது அவள் கத்தத் தொடங்கும் முன்பே திறக்கும்படி வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை 5 நிமிடம் தள்ளிப்போட்டு வருகிறேன். இதில் பெரிய நன்மை, உணவு தருவது நான் அல்ல என்றாகிவிட்டதுதான். இப்போது 4 மணிக்கு எழுந்தாலும் என் கதவுக்கு வருவதில்லை. பெட்டியின் முன் போய் அமர்கிறாள். பெட்டியிடம் கத்திப் பார்த்தாள். அது கத்தலுக்குத் திறப்பதில்லை, நேரத்துக்கு மட்டுமே திறக்கிறது, ஒருநாளும் தவறுவதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது நோட்டில் நான் எழுதாமல் விட்டிருந்த பகுதி. அவள் கத்திய ஒவ்வொரு முறையையும் குறித்திருக்கிறேன். அவள் கத்தாமல் ஜன்னலோரம் படுத்திருந்த நேரங்களில் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், ஒன்றுமே செய்யவில்லை. ‘அப்பாடா, சும்மா இருக்கிறாள்’ என்று என் வேலையைப் பார்த்திருக்கிறேன். அமைதியாக இருந்த மைனாவை இந்த வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டோம். அவள் சத்தமில்லாமல் இருக்கும்போது கடந்து போகிறவர் நின்று, பெயர் சொல்லி, கன்னத்தோரம் இரண்டு முறை தடவிவிட்டுப் போக வேண்டும். கத்திக்கொண்டிருந்தால் பேச்சும் இல்லை, பார்வையும் இல்லை; நிறுத்தி 3 விநாடி ஆனதும் திரும்பிப் பார்ப்பேன். அந்த 3 விநாடியை 5 ஆக்கி, 10 ஆக்கி, இன்றைக்கு 20 வரை வந்திருக்கிறோம். கதவை மூடும்போது அவள் கத்தும் பழக்கத்துக்கும் வேறு வழி கண்டுபிடித்தேன்: ஒன்றும் காரணமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அவள் குரல் எழுப்பும் முன்பே வெளியே வந்துவிடுவது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை. கதவு மூடினால் திறக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும்.

2025 மார்ச் 9, ஞாயிறு

உணவுப் பெட்டி திறக்கும் நேரம் 5:25க்கு வந்துவிட்டது. இந்த வாரம் ஏழு இரவுகளில் ஆறில் விடியற்காலைக் குரல் இல்லை. அந்தி வேளைக் குரல் குறையவில்லை. இறகை வாயில் கவ்விக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாடுகிறாள். அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேசும் பூனை பேசத்தான் செய்யும்.

2025 மார்ச் 30, ஞாயிறு

இரவு 11 மணி இருக்கும். படித்துக்கொண்டிருந்தபோது எங்கோ தொலைவில் அவள் குரல் கேட்டது. வழக்கம்போல விநாடிகளை எண்ணத் தொடங்கி, 4க்கு மேல் எண்ணாமல் நிறுத்திவிட்டேன். அது விடியற்காலையின் சீரான அழைப்பு அல்ல; அந்திப் பாட்டும் அல்ல; ஏறிப்போய் உச்சியில் உடைந்து, நடுவில் நின்று நின்று வந்தது. ஜனவரியில் நான் கதவை மூடும்போதெல்லாம் கேட்ட குரல்; வாரக்கணக்காகக் கேட்காமல் போனது. அம்மாவும் தன் அறையிலிருந்து வெளியே வந்து, “இது வேற மாதிரி இருக்கேம்மா” என்றார்.

கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. குரலைத் தொடர்ந்து போனால், மாலையில் துணிகளை அடுக்கிவிட்டு நான் சாத்திய அலமாரி. திறந்தேன். மடித்த போர்வைகளின் மேல் நின்றுகொண்டிருந்தாள். விழிகள் கறுத்து அகன்றிருந்தன. என்னைக் கண்டதும் குரலை நிறுத்தி, தொண்டைக்குள் ஒரு ‘ம்ர்ர்’. “இதோ வந்துட்டேன்” என்றேன். கீழே குதித்து, உடம்பை ஒருமுறை நீட்டி முறித்துக்கொண்டு, என் கணுக்காலில் தலையை உரசிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி நடந்தாள். வெகுநேரம் குடித்தாள்.