நடுவில் நின்று பதிவு செய்தபோது

ஒரு முப்பரிமாண வரைவு மென்பொருளில், மாடலை நெருங்கிப் பார்த்தால் மட்டும் முக்கோணங்கள் கிழிந்து நீள்கின்றன என்று புகார் வந்தது. அதன் மூல நிரல் எங்களிடம் இல்லை. திரையில் படம் வரையும் ஃபங்ஷன்களின் தொகுப்பான ஓப்பன்ஜிஎல்லை அது என்னென்ன கேட்கிறது என்று நடுவில் நின்று பதிவு செய்வதுதான் என் வேலை. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அந்த மென்பொருள் ஓடியது.

லினக்ஸில் தொடங்கினேன். எல்டி_பிரீலோட் என்ற சூழல் மாறியில் நம் லைப்ரரியைக் கொடுத்தால், நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அதை முதலில் ஏற்றிவிடும். அதே பெயரில் நாம் எழுதிய ஃபங்ஷனே அழைக்கப்படும். சோதனை நிரலில் நன்றாக ஓடியது. அந்த மென்பொருளில் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. அது ஓப்பன்ஜிஎல்லோடு லிங்க் ஆகவே இல்லை; ஓடத் தொடங்கிய பிறகு, பெயரைக் கொடுத்தால் ஃபங்ஷனின் முகவரியைத் தரும் டிஎல்சிம் மூலம் முகவரிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது. சரி, டிஎல்சிம்மையே மறிப்போம் என்று எழுதினேன். உண்மையான டிஎல்சிம்மைத் தேட, நான் எழுதிய டிஎல்சிம் தன்னையே கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, ஸ்டாக் நிரம்பி கிராஷ் ஆனது. பதிப்பையும் சேர்த்துத் தேடும் டிஎல்விசிம் வழியாக அசலைப் பிடிக்கலாம் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

விண்டோஸில் ஓப்பன்ஜிஎல்32 டிஎல்எல் என்ற அதே பெயரில் நம் கோப்பை மென்பொருளின் ஃபோல்டரில் வைத்தால் போதும். ஆனால் அசல் டிஎல்எல் நேரடியாகத் தருவது 1.1 பதிப்பு வரைதான். மீதியெல்லாம், டிஎல்சிம் போலவே முகவரி தரும் டபிள்யூஜிஎல்கெட்பிராக்அட்ரஸ் வழியாக வருவதால் அங்கேயும் காவல் வேண்டும். மேக்கில் எல்டி_பிரீலோட் போன்ற மாறியாக டிஒய்எல்டி_இன்செர்ட்_லைப்ரரீஸ் உண்டு. மென்பொருளைத் தொடங்கி வைத்ததோ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். 2015-ல் மேக்கின் எல் கேப்பிட்டன் பதிப்போடு வந்த பாதுகாப்பு, ஷெல்லுக்குள் நுழையும்போதே அந்த மாறியை நீக்கிவிடுகிறது. ஸ்கிரிப்டைத் தவிர்த்து நேரடியாக இயக்கினேன்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாடலின் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று ஓப்பன்ஜிஎல்லுக்குச் சொல்லும் ஜிஎல்வெர்டெக்ஸ்பாயின்டர் ஒரு முகவரியைத்தான் தரும். அங்கே எத்தனை புள்ளிகள் என்று சொல்லாது. வரையச் சொல்லும் அழைப்பு வரும்வரை காத்திருந்து, எந்தெந்தப் புள்ளிகளை இணைப்பது என்று வரிசை எண்ணால் சொல்லும் அதன் இன்டெக்ஸ் பட்டியலில் பெரிய எண் எது என்று பார்த்து, அதுவரை நகலெடுக்க வேண்டும். அதற்காக அந்தப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தேன். நெருக்கக் காட்சியில் புள்ளிகள் பெருகுகின்றன. இன்டெக்ஸோ 16 பிட்; 65,535-க்கு மேல் அதில் எண் கொள்ளாது. 65,533, 65,534, 65,535. அதற்கு அடுத்து 0, 1, 2.