குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள்

சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குள் வைத்த குழாயோடு (கதீட்டர்) வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார் என்னிடம் முதலில் கேட்பது, அந்தக் குழாயை எதைக் கொண்டு சுத்தம் செய்வது என்பதைத்தான். அதை எப்போது எடுப்பார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அணைக்கட்டிலிருந்து குடியாத்தம் வரை, வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகச் சென்று படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் நான். இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் வரவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் குழாயால் வரும் சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் வழிகளில் மிக வலிமையானது, தேவையில்லாமல் குழாய் வைக்காதிருப்பதும், தேவை முடிந்த அன்றே அதை எடுத்துவிடுவதும்தான்.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேரின் சிறுநீரில் புதிதாகக் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் கடந்துவிட்டால் ஏறத்தாழ எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். நலமான உடலில், ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் உள்ளே ஏற முயலும் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. சிறுநீர்ப்பையும் பெரும்பாலும் காலியாகிவிடுகிறது. குழாய் வைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் வைக்கப்படும் ஃபோலி குழாய் நழுவாமல் இருப்பதற்காக, அதன் நுனிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 10 மில்லி நீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது. சிறுநீர் இறங்கும் துளை அந்தப் பலூனுக்கு மேலே இருப்பதால், கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கியே நிற்கிறது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் தம்மைச் சுற்றி வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதைப் போன்றது அது. நீரால் கழுவினால் போகாது, மருந்தும் அதன் அடிவரை எளிதில் செல்வதில்லை. அவற்றுள் புரோட்டியஸ் என்னும் கிருமி சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிதைத்துக் காரத்தன்மையை ஏற்றுவதால், உப்புகள் படிகமாகித் திரண்டு குழாயையே அடைத்துவிடுவதும் உண்டு.

கிருமிக்கு இரண்டு பாதைகள். ஒன்று, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி உடலுக்குள் ஏறுவது. மற்றொன்று, குழாயும் யூரின் பேக்கும் இணையும் இடத்தின் வழியாகவோ, பேக்கின் அடியிலுள்ள திறப்பு வழியாகவோ உட்புறமாக ஏறுவது. முன்பு சிறுநீரைத் திறந்த பாட்டிலில் வடியவிட்ட காலத்தில், நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் சிறுநீரில் கிருமி சேர்ந்துவிடும். குழாயையும் பையையும் ஒரே மூடிய அமைப்பாக வைத்தால் இதைப் பெருமளவு தள்ளிப்போடலாம் என்பதை 1966-இல் குனின், மெக்கார்மக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றைய யூரின் பேக்கின் முழுப் பயனும் அது மூடியே இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே, கழுவுவதற்காகவோ, குளிப்பாட்டுவதற்காகவோ, சட்டை மாற்றுவதற்காகவோ அந்த இணைப்பைக் கழற்றாதீர்கள்.

ஏன் குழாய் வைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது எடுக்கலாம் என்று கேட்கும் துணிவு வரும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் வைக்க வேண்டும். சில அறுவைகளின் போதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது என்று அளக்க வேண்டியிருக்கும்போதும் வைக்க வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடில்லாத நோயாளியின் இடுப்புப் படுக்கைப்புண் ஆற வேண்டியிருந்தாலும், இறுதி நாள்களில் வேதனையைக் குறைப்பதற்கும் வைப்பது நியாயமே. படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது என்பது மட்டும் போதுமான காரணம் அல்ல. இதைச் சொல்லும்போது நான் குடும்பத்தாரைக் குறை சொல்லவில்லை. பகலில் கூலி வேலைக்குச் செல்லும் மருமகள் ஒருத்தி, மாலையில் திரும்பி வந்து நனைந்த படுக்கையை மாற்றி, துணி துவைத்து, சமைத்து, "நைனாவுக்கு டியூப் போட்டுட்டா நல்லாருக்கும் சிஸ்டர்" என்று கேட்கும்போது அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குழாய் காய்ச்சலையும் மருத்துவமனை வாசத்தையும் கொண்டுவந்தால், அவள் சுமை இரட்டிப்பாகும். ஆண்களுக்கு வெளியே உறைபோல மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை யூரின் கேன் வைத்துப் பழக்கலாம். இரவுக்கு மட்டும் டயப்பர் போடலாம். இவற்றை முயன்று பார்த்த பிறகே குழாயைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஜாக் லபிடஸ் என்னும் அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் 1972-இல் பரிந்துரைத்த முறை அது. நோயாளியே கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, உடனே குழாயை எடுத்துவிடுவது. குழாய் நிரந்தரமாக உள்ளே தங்காததால் தொற்று குறைகிறது, சிறுநீரகமும் காக்கப்படுகிறது. சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வு மையம், பாகாயத்தில் 1966 முதல் இயங்கிவருகிறது. அப்படிப்பட்ட மையம் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது, தண்டுவடம் அடிபட்ட எவரும் இந்த முறை தமக்குப் பொருந்துமா என்று கேட்காமல் வருடக்கணக்கில் குழாயோடு வாழக்கூடாது என்பது என் ஆழ்ந்த எண்ணம்.

குழாய் இருந்தே ஆக வேண்டும் என்றால், கவனிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் நாள் தவறாமல் நடக்க வேண்டும். பேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நான் வீடுகளில் மிகுதியாகக் காணும் சிக்கல் இதுதான், ஏனெனில் நம் வீடுகளில் நோயாளி பல நேரம் பாயில் படுத்திருக்கிறார்; பாயில் படுத்தால் பேக்கைத் தாழ்த்த இடமே இல்லை. கயிற்றுக் கட்டிலோ, அதுவும் இல்லையென்றால் செங்கல் அடுக்கி அதன்மேல் போட்ட பலகையோ ஏற்பாடு செய்யுங்கள். பேக்கைக் கட்டில் சட்டத்தில் தொங்கவிடுங்கள். அது தரையைத் தொடக்கூடாது, தொடும் நிலை வந்தால் சுத்தமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் வையுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் பேக்கை மடியில் வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். மடியில் உயர்ந்தால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பி ஓடும். புறப்படும் முன் பேக்கைக் காலிசெய்து, பயணத்தில் முழங்காலுக்குக் கீழே தொங்கவிடுங்கள்.

பேக் முக்கால் பங்கு நிரம்பும் வரை காத்திருக்காமல், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது காலிசெய்ய வேண்டும். அதற்கென ஒரு மக்கைத் தனியாக ஒதுக்குங்கள். பேக்கின் திறப்பு மக்கின் விளிம்பைத் தொடக்கூடாது. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழாய் வெளிவரும் இடத்தை நாளும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். டெட்டால், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். எண்ணெய், லேடெக்ஸ் என்னும் ரப்பரால் ஆன குழாயைக் கெடுத்துவிடும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்தள்ளிக் கழுவிய பிறகு மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகி வீங்கிவிடும். குழாயைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டி வைத்தால் இழுபடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் ஊர் இது. அந்த நாள்களில் குழாயோடு இருப்பவர் நீர் குறைவாகக் குடித்தால், சிறுநீர் அடர்ந்து, வடிவது குறைந்து, அடைப்பும் தொற்றும் எளிதாகின்றன. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்கு நீரோ மோரோ கொடுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் பழக்கம். சிறுநீர் கலங்கலாக இருப்பதும் நாற்றம் அடிப்பதும் மட்டுமே தொற்றுக்கு அடையாளமல்ல. குழாய் உள்ளவரின் சிறுநீரில் கிருமி இருப்பது இயல்பு. உடலில் அறிகுறி இல்லாதபோது மருந்து கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் எஞ்சும். உண்மையான தொற்று வரும் நாளில் கையில் வேலை செய்யும் மருந்து இருக்காது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி, முதியவருக்குத் திடீரென்று ஏற்படும் மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் தாமதிக்காதீர்கள். நெஞ்சளவிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுப்பது பேக்கிலிருந்து அல்ல. குழாய் வைத்து இரண்டு வாரம் கடந்திருந்தால், புதுக் குழாய் மாற்றி அதிலிருந்து எடுப்பதே சரி. பேக்கில் மூன்று நான்கு மணி நேரம் சிறுநீரே இறங்காமல் அடிவயிறு உப்பினால், குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பில்லையெனில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் நீர் ஏற்றிக் கழுவவோ, பலூன் ஊதிய நிலையில் பிடித்து இழுக்கவோ வேண்டாம்.

மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும் தாளில் குழாய் வைத்த தேதியும், எடுக்க வேண்டிய அல்லது மாற்ற வேண்டிய தேதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதித் தரும்படி கேளுங்கள். எடுக்கும் நாளைக் காலை நேரமாக வைத்துக்கொள்வது நல்லது. எடுத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் நோயாளி தாமாகச் சிறுநீர் கழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் பேருந்து ஓடும் நேரத்திலேயே திரும்பிவர வேண்டியிருக்கும். ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள் அன்று மாலை வரை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.