பூச்சியமா, கோடா?

ஆசிரியர்களுக்கான ஃபெலோஷிப் ஒன்று கிடைத்தது. வகுப்பறையில் புதிதாக ஏதாவது செய்து பாருங்கள் என்று கொஞ்சம் காசும் தந்தார்கள். வடகொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விண்ணப்பத்தில் டெப்லட், செயலி, தரவுப் பகுப்பாய்வு என்று பெரிய பெரிய சொற்களாகப் போட்டிருந்தேன்; அப்படிப் போட்டால்தான் காசு வரும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைசியில் செய்தது என்னவோ போத்தல் வெட்டியதுதான்.

மழையை அளப்போம் என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பிள்ளைகளில் பலர் களனி கங்கைக்குக் கிட்ட இருக்கிறவர்கள். 2016 மே வெள்ளத்தில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் வந்ததை, அம்மா சொல்லிக் கேட்டதுதான் என்றாலும், கண்ணால் கண்டதுபோலவே சொல்வார்கள். மழை பெருத்தால் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் ஆறு எத்தனை அடி என்று வீட்டில் பெரியவர்கள் ஃபோனில் பார்க்கிறது அவர்களுக்குப் பழக்கம். "அங்க மட்டும் ஏன் மிஸ் அடி, ஹங்வெல்லையில மீற்றர்?" என்று ஒருத்தி கேட்டாள். பழைய பழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒன்றரை லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடி மேடுபள்ளம் என்பதால் கூழாங்கல் போட்டு, அது மூடும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறிக்க வேண்டும். பெரிய போத்தலில் கூடுதல் மழை விழும் என்று வகுப்பே சாதித்தது. சரி என்று இரண்டு அளவுப் போத்தல்களை மதில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் இரண்டிலும் ஒரே உயரம். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் என்பதை அதற்குப் பிறகு நான் விளங்கப்படுத்தவே தேவைப்படவில்லை.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வளிமண்டலவியல் திணைக்களம் மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறது, நாங்களும் அதே நேரம் பார்த்தால்தானே ஒப்பிடலாம். எங்கள் நேரசூசியில் அது கணிதப் பாடவேளையின் நடு. தினமும் இரண்டு பிள்ளைகளை வெளியே விட கணித டீச்சரிடம் நான் கெஞ்சிய கெஞ்சலுக்குத் தனியாக ஒரு ஃபெலோஷிப் தரலாம். அப்புறம் அடிமட்டம் வாங்கவும் மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர், "நாப்பது அடிமட்டத்துக்கா டீச்சர்?" என்று சிரித்துவிட்டு, பாவம், எழுதித் தந்தார். டெப்லட்கள் வந்தன, வைஃபை வரவில்லை. எல்லாம் கொப்பியில்தான் எழுதினோம்.

ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கியது. சனி, ஞாயிறு பாடசாலை பூட்டு. ஒரு திங்கட்கிழமை கொப்பியைப் பார்க்கிறேன், சனிக்கு 0, ஞாயிறுக்கு 0, திங்களுக்கு 62 என்று இருக்கிறது. சனி பின்னேரம் வெள்ளவத்தையில் குடை திரும்பி நனைந்துபோய் வீட்டுக்கு வந்தவள் நான்.

எழுதிய பையன் கள்ளம் செய்கிற பிள்ளை இல்லை. ஏன் பூச்சியம் போட்டாய் என்று கேட்டேன். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, வினாத்தாள்ல ஒண்டும் வெறுமையா விடக்கூடாது எண்டு."

உண்மைதான். பதினைந்து வருடமாக ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கு முன்னும் அதைச் சொல்லி வருகிறேன். தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, ஒரு புள்ளியாவது கிடைக்கும். அன்றைக்குப் பாடவேளை முழுதும் அந்த இரண்டு பூச்சியத்தோடே போனது. பூச்சியம் என்றால் போய்ப் பார்த்தேன், மழை இல்லை என்று அர்த்தம்; பார்க்கவே இல்லை என்றால் கோடு; திங்கள் 62 மூன்று நாளுக்கும் சேர்ந்த கணக்கு என்று பக்கத்தில் குறிப்பு. சில பிள்ளைகளுக்குக் கோடு போடவே கை கூசியது. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு வாசிப்பை வாட்சர் ஐயா தானாகவே எடுத்துக்கொண்டார், கொப்பியிலேயே ஒழுங்கான கையெழுத்து அவருடையதுதான்.

வருடக் கடைசியில் ஃபெலோஷிப்புக்கு இறுதி அறிக்கை. கற்றல் அடைவு எத்தனை வீதம் கூடியது என்று ஒரு கட்டம். முதலில் 85 என்று அடித்தேன், பொய்தான், எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்து ஒரு கோடு போட்டேன். தொடக்கத்தில் அளந்து வைத்திருந்தால்தானே கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம்.

இரண்டு நாளில் அங்கிருந்து ஒரு பிள்ளை ஃபோன் எடுத்தது, மிகவும் மரியாதையாக.

"டீச்சர், அந்தக் கட்டத்தில கோடு இருக்கு. சிஸ்டம் இலக்கம் மட்டும்தான் எடுக்கும். பூச்சியம் எண்டு போடட்டுமா?"