எஸ்.ஏ.டி. மதிப்பெண் இல்லாமல் அமெரிக்கக் கல்லூரிக்கு: அலையவிட்டது பள்ளிக் காகிதங்கள்தான்

2023 மார்ச் கடைசியில் மகளுக்கு சேர்க்கைக் கடிதம் வந்தது. மாசசூசெட்ஸில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (ஒரே துறையோடு நிற்காமல் பல துறைப் பாடங்களையும் படிக்கவைப்பது), நல்ல உதவித்தொகையும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்கைக்குப் பார்க்கும் பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் மதிப்பெண்ணை அனுப்பவில்லை. "அப்போ டெஸ்ட் எழுதவே வேண்டாம், ஈஸி" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். தேர்வு எழுதியிருந்தால் ஒரு காலைப் பொழுதோடு போயிருக்கும். எழுதாததால் அந்தச் சுமை முழுவதும் பள்ளி ஆபீஸ் மேஜைக்குப் போனது. மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அக்டோபர் தேர்வுக்கு எங்கள் பக்கம் எந்த மையத்திலும் இடமில்லை. டிசம்பர் தேர்வுக்கு வெளிமாநிலம் போக வேண்டும், அதுவும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில். அவள் விரும்பிய கல்லூரியோ "மதிப்பெண் அனுப்புவது நல்லது, கட்டாயமில்லை" என்று போட்டிருந்தது. கட்டாயமில்லை என்பதை நம்புவதா, நல்லது என்பதற்குப் பயப்படுவதா? திருச்சியில் ஒரு கன்சல்டன்ட்டிடம் போனோம். "ஸ்டேட் போர்டு, எஸ்.ஏ.டி.யும் இல்ல. அப்ளை பண்றதே வேஸ்ட்மா" என்று சொன்னவர், அடுத்த வாக்கியத்திலேயே தன் கட்டணத்தைச் சொன்னார். எழுந்து வந்துவிட்டோம். மகளே கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டாள். அனுப்பாதவர்களைக் குறைத்து மதிப்பிட மாட்டோம், பள்ளி ஆவணங்களை இன்னும் கவனமாகப் பார்ப்போம் என்று பதில் வந்தது. அந்த இரண்டாவது பாதி எங்களுக்குப் போகப் போகத்தான் உறைத்தது.

இவள் 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்த செட். அந்த வருடம் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். அதற்கு முந்தைய வருடம் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வும் கொரோனாவில் போயிற்று. அமெரிக்கக் கல்லூரி கேட்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண். எங்களிடம் முழுசாக இருந்தது 2022-இல் எழுதிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் என்ன செய்திருப்போமோ தெரியவில்லை.

ஆபீஸில் எழுத்தரிடம் நான்கு வருட மதிப்பெண் பட்டியல் கேட்டேன். "அப்படி ஒண்ணு எங்க ஸ்கூல்ல கொடுத்ததே இல்லம்மா. மார்க் ஷீட் இருக்குல்ல, ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க" என்றார். ஒன்பதாம் வகுப்புக்கு மார்க் ஷீட்டே கிடையாதே சார் என்றால், பழைய ரிஜிஸ்டர் எடுக்க ஆள் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரம் போனால் அவர் லீவு. கடைசியில் தலைமையாசிரியர் தலையிட்டு, ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்கள் ரிஜிஸ்டரிலிருந்து கிடைத்தன. நாங்களே டைப் செய்து கொண்டுபோனோம். கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார்கள். அந்த ஊதா சீல் நேராக இயற்பியல் மதிப்பெண் மேல் விழுந்து எண்ணே தெரியவில்லை. மறுபடி பிரின்ட், மறுபடி காத்திருப்பு. சீல் வைக்க வெற்றிடம் விட்டு டைப் செய்யுங்கள், இரண்டு மூன்று பிரதிகளாகக் கொண்டுபோங்கள்.

பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண் இல்லாததை அப்படியே விட்டுவிடக் கூடாது. பொதுத்தேர்வு ரத்தானது அரசு முடிவு, மாணவியின் குறை அல்ல என்று தலைமையாசிரியர் லெட்டர்பேடில் ஒரு பத்தி எழுதி வாங்கினோம். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில், கூடுதல் தகவல் பகுதியிலும் மகள் இதையே சுருக்கமாக எழுதினாள்.

இதைவிடப் பெரிய தலைவலி பள்ளிக் குறிப்பு. அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளியும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்குமாம்: எந்தப் பாடத்திட்டம், வகுப்பில் எத்தனை பேர், மதிப்பெண் முறை என்ன, படித்தவர்கள் எங்கே போகிறார்கள். எஸ்.ஏ.டி. இல்லாத பிள்ளையின் 600-க்கு 560-ஐ அவர்கள் எடைபோட இந்த ஒரு பக்கம்தான் தராசு. எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. பள்ளி சார்பில் இந்த ஆவணங்களை அனுப்பும் கவுன்சலர் என்ற பதவியும் இல்லை, தலைமையாசிரியர்தான் கவுன்சலராகப் பதிவு செய்தார். வரைவு நான் எழுதினேன், அவர் திருத்தினார். அரசு உதவி பெறும் பள்ளி, அப்போது பிளஸ் ஒன்னிலேயே இருந்த பொதுத்தேர்வு, கொரோனா காலத்தில் பல வீடுகளில் கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பறை என்பதையெல்லாம் சேர்க்கச் சொன்னது அவர்தான். பிளஸ் டூவில் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைக் கேட்டபோது மட்டும் தயங்கினார். "ரிசல்ட் வராம நாங்க எப்படிம்மா எழுதிக் கொடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். இது வாக்குறுதி இல்லை, காலாண்டுத் தேர்வை வைத்து ஆசிரியர்கள் சொல்லும் கணிப்பு என்று விளக்கியதும் எழுதித் தந்தார்.

ஆசிரியர் கடிதம் கேட்கும்போது கவனம் தேவை. முதலில் வந்த ஒரு கடிதம் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நான்கு வரி: ஒழுக்கமானவள், பணிவானவள், நன்றாகப் படிப்பவள். இயற்பியல் ஆசிரியர் எழுதியது வேறு ரகம். தனி ஊசல் சோதனையில் இவளுக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தின் சரியான மதிப்பான 9.8-க்கு ரொம்பத் தள்ளி விடை வந்ததாம். மற்றவர்கள் அளவைத் திருத்திப் போட்டுக்கொண்டபோது இவள் மறுநாள் மதிய இடைவேளையில் வந்து நூலின் நீளத்தை மறுபடி அளந்தாளாம். அந்தக் கடிதங்களை மாணவி படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், இவளும் விட்டுக்கொடுத்தாள். சேர்க்கை முடிந்த பிறகு அவரே சொல்லித்தான் தெரியும். ஆசிரியர்களிடம் புகழ்ந்து எழுதச் சொல்லாதீர்கள், நடந்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு, கட்டுரைகள், உதவித்தொகைக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவம் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. காமன் ஆப்பில் மதிப்பெண் தெரிவிக்கிறீர்களா என்பதற்கு 'இல்லை'. சில கல்லூரிகள் தங்கள் பகுதியில் இதைத் தனியாகவும் கேட்கும், அங்கும் 'இல்லை'.

எல்லாம் அனுப்பி நிம்மதியாக இருந்தபோது, பள்ளி ஆவணங்கள் வரவில்லை என்று கல்லூரி போர்ட்டல் காட்டியது. காரணம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், விண்ணப்பமும் அப்படியே. பள்ளிக் காகிதத்தில் வெறும் 'எஸ்.' மட்டும். இரண்டும் ஒரே ஆள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. தலைமையாசிரியர் மெயில் அனுப்பிய பிறகுதான் சரியானது. ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயர், பிறந்த தேதி, காமன் ஆப் எண் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

இப்போது விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாங்கள் விண்ணப்பித்தபோதே எம்.ஐ.டி. தேர்வை மறுபடி கட்டாயமாக்கியிருந்தது. 2024-இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி. (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) அல்லது ஐ.பி. (சர்வதேசப் பாடத்திட்டம்) மதிப்பெண் போதும் என்று யேல் அறிவித்ததைப் பார்த்து ஸ்டேட் போர்டு பிள்ளைகள் சந்தோஷப்பட வேண்டாம், நம்மிடம் அந்த இரண்டும் கிடையாது. பௌடன் கல்லூரி 1969 முதலே கட்டாயப்படுத்தாதது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அந்தந்த வருடம், அதன் தளத்திலேயே பாருங்கள்.

மே 8 அன்று பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியலைப் பள்ளியே அனுப்ப வேண்டும். இந்த முறை எழுத்தரே போன் செய்து, "அந்த சீல் இடம் விட்ட ஃபார்மட்டை மெயில்ல போடுங்கம்மா, இங்கயே பிரின்ட் எடுத்துக்கறோம்" என்றார். பள்ளிக் குறிப்பும் அதோடு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அடுத்த வருடம் பிளஸ் டூ பையன் ஒருவன் கேட்டபோது அன்றைக்கே கிடைத்ததாம்.