டெரி பிராட்செட்டை எங்கே தொடங்கலாம்?

ஆங்கில எழுத்தாளர் பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு என்ற நகைச்சுவை மாயாஜாலக் கதை வரிசையில் 41 நாவல்கள். 1983இல் வந்த முதல் நூலிலிருந்து தொடங்க வேண்டாம். அதுவும் அடுத்ததும் பழைய மாயாஜாலக் கதைகளைக் கிண்டலடிப்பவை. மூலக்கதைகள் தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை கைநழுவிப் போகும்.

‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) எடுங்கள். பிறகு ‘மென் அட் ஆர்ம்ஸ்’, ‘ஃபீட் ஆஃப் க்ளே’. இந்த வரிசையை மாற்றாதீர்கள், சாம் வைம்ஸ் என்ற காவலர் நூலுக்கு நூல் வளர்கிறார். ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்பவருக்கு ‘ஸ்மால் காட்ஸ்’ (1992): தனிக்கதை, மதத்தையும் அதிகாரத்தையும் இவ்வளவு கனிவோடு விசாரித்த புனைவு அபூர்வம்.

அடிக்குறிப்புகளைத் தாண்டாதீர்கள், சிறந்த நகைச்சுவை அங்கேதான். பெரும்பாலான நூல்களில் அத்தியாயப் பிரிவே இல்லை. எங்கே நிறுத்தினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2007இல் தனக்கு அல்சைமர் (மறதி நோய்) வகை நோய் என்று பிராட்செட் அறிவித்தார். தட்டச்சு முடியாமல் போனதும் வாயால் சொல்லியே எழுதினார். 2015இல் மறைவுக்குப் பின் வந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ நூலைக் கடைசிக்கு வையுங்கள்.