எப்படி இருந்தது படம்?

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டு மேசையில் முந்தின இரவு டிவியில் பார்த்ததைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் படிவங்களின் ஜெர்மன்தான். பெயர், பிறந்த தேதி, முகவரிப் பதிவு, காப்பீட்டு எண். ஹீட்டர் சூடாகவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வேன். ஒரு படம் ஏன் பிடித்தது என்று யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் கேட்டார், "நீ கடைசியாக என்ன படம் பார்த்தாய்?"

நான் பார்த்திருந்தது ‘லோலா ரென்ட்’. 1998இல் டாம் டிக்வர் எடுத்தது. காதலனைக் காப்பாற்ற ஒரு பெண் இருபது நிமிடத்தில் ஒரு லட்சம் மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணம்) திரட்ட வேண்டும். அதற்காக பெர்லின் தெருக்களில் ஓடுகிறாள். அதே ஓட்டம் மூன்று முறை, மூன்று விதமாக முடியும். பேச்சு குறைவு, ஓட்டம் அதிகம் என்பதால் என் மொழியறிவுக்கு அது பெரிய உதவி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "கான்ஸ் கூட்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார்.

‘கான்ஸ்’ என்றால் ‘முழுக்க’ என்று படித்திருந்தேன், ‘கூட்’ என்றால் நல்லது. சேர்த்தால் பிரமாதம் என்றுதானே வர வேண்டும்? இல்லையாம். படத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று பொருள். மாறாக ‘நிஹ்ட் ஷ்லெஹ்ட்’, அதாவது ‘மோசமில்லை’ என்று இங்கே ஒருவர் சொன்னால் அது மெய்யான பாராட்டு. இதை அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அந்த அரை மணி நேரம்தான் இந்த நாட்டில் நான் முதன்முதலாக ஒருவரோடு உட்கார்ந்து பேசிய நேரம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று மாலை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டு இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். படம் பிடித்தது என்பதை ஜெர்மனில் ‘எனக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘எஸ் கெஃபெல்ட் மியர்’. ‘மியர்’ என்றால் ‘எனக்கு’. ‘நான் இதை விரும்புகிறேன்’ என்று ஆங்கிலத்தின் வழியாகப் போய்ப் போய்த் தடுமாறிக்கொண்டிருந்தவளுக்கு, அது நம் ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதேதான் என்று தெரிந்ததும் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. கு உருபு போட்டால் போதும். அதற்கப்புறம் படங்களைப் பற்றிப் பேச நான் தயங்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். இங்கே வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் ஜெர்மன் டப்பிங்கில்தான் ஓடும். ஒரு நடிகருக்கு ஒரு குரல் என்று வருடக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். ராபர்ட் டி நீரோவுக்கு ஜெர்மனில் கிறிஸ்டியான் ப்ரூக்னரின் குரல். டி நீரோவின் சொந்தக் குரலைக் கேட்டால்தான் இங்குள்ளவர்களுக்கு அந்நியமாக இருக்கிறதாம். மூலமொழியில் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போது ‘ஓ-எம்-ஊ’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மூலமொழியும் ஜெர்மன் சப்டைட்டிலும் என்று பொருள். ‘ஓ-ஃபௌ’ என்று போட்டிருந்தால் மூலமொழி மட்டும்தான். ஆனால் மொழி படிக்கிறவர்கள் டப்பிங்கை ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டூடியோவில் உட்கார்ந்து தெளிவாகப் பேசிய வசனம் அது. டிவியில் வரும் உள்ளூர்க் கதைகளில் வாய்க்குள் முணுமுணுப்பதைவிட நூறு மடங்கு சுலபமாகப் புரியும்.

உள்ளூர்க் கதைகள் என்றதும் ‘டாட்டோர்ட்’டைச் சொல்லாமல் முடியாது. 1970 முதல் வரும் துப்பறியும் தொடர். ஞாயிறு இரவு எட்டு மணிச் செய்தி முடிந்து எட்டே காலுக்குத் தொடங்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரப் படம் போல. நகரத்துக்கு ஒரு போலீஸ் ஜோடி. ம்யூனிக் ஜோடி 1991இல் தொடங்கியது, கொலோன் ஜோடி 1997இல். திங்கட்கிழமை மேசையில் பேச்சு அதைப் பற்றித்தான். கொலைகாரன் யார் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் வந்ததில்லை. வீடுகளின் சமையலறை, மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரரோடு நடக்கும் இரண்டு வார்த்தைப் பேச்சு, ஆற்றங்கரைக் கடையில் நின்றபடி சாப்பிடும் கொலோன் போலீஸ்காரர்கள், இவற்றைத்தான் பார்க்கிறேன். மனிதர்கள் இங்கே எப்படிக் கோபப்படுகிறார்கள், எப்படி மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதை நான் கற்றது அங்கேதான்.

என்னைப் படம் பற்றி முதலில் கேட்ட அந்த அம்மையார் இந்த நகரத்திலேயே, அன்றைய கிழக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். 1989 அக்டோபர் 9 அன்று எழுபதாயிரம் பேர் அன்றைய ஆட்சியை எதிர்த்து லைப்ஸிக்கின் உள்வட்டச் சாலையில் நடந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர், அப்போது வயது இருபத்திரண்டு. இது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை ‘டாஸ் லேபன் டெர் ஆண்டரன்’, அதாவது ‘பிறரின் வாழ்க்கை’யைப் பார்த்துவிட்டு வந்து ஒரே மூச்சில் புகழ்ந்தேன். 2006இல் வந்த படம், ஆஸ்கரும் வாங்கியது. 1984இல் கிழக்கு பெர்லினில் ஒரு நாடக எழுத்தாளரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் உளவு அதிகாரி, கேட்கக் கேட்க அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அந்த அதிகாரியாக நடித்த உல்ரிஷ் ம்யூஎ இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கிரிம்மாவில் பிறந்தவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கண்ணில் மட்டும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருவார். கடைசிக் காட்சியில் புத்தகக் கடையில் அவர் சொல்லும் அந்த ஒற்றை வரிக்கு நான் அழுதிருந்தேன்.

அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "நடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் எனக்குப் பிடிக்காது. அப்படி ஒரு நல்ல ஒற்றர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை."

கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை தன்னைப் பற்றி எழுதிவைத்த கோப்பை 1992 முதல் யாரும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எந்தத் தோழியின் கையெழுத்து அதில் இருக்கும் என்று தெரிந்துகொள்ள மனம் வரவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

படத்தை அப்புறம் மறுபடி பார்த்தேன். இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பரணில் அந்த அதிகாரி தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சிகளில், கீழே வீட்டுக்குள் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் இப்போது என் கண்ணில் நிற்கிறார்கள்.

அம்மையார் எனக்குப் பதிலுக்குச் சிபாரிசு செய்தது ‘குட் பை, லெனின்!’. 2003இல் வந்தது. பெர்லின் சுவர் விழுவதற்குச் சற்று முன் ஒரு தாய் கோமாவில் விழுந்து, எட்டு மாதம் கழித்துக் கண் விழிக்கிறார். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்ல, மகன் அந்த ஒரு படுக்கையறைக்குள் மட்டும் பழைய கிழக்கு ஜெர்மனியை அப்படியே நடத்திக் காட்டுகிறான். கடைகளிலிருந்து மறைந்துபோன ஊறுகாய் வெள்ளரிக்காய்க்காகக் குப்பைத் தொட்டியில் பழைய ஜாடி தேடுகிறான். நண்பனோடு சேர்ந்து போலிச் செய்தி தயாரித்து டிவியில் ஓட்டுகிறான். 1990 ஜூலையில் மேற்கு மார்க் வந்தபோது கடை அலமாரிகள் உண்மையிலேயே ஒரே இரவில் மாறின, காலையில் வழக்கமான பால் பாக்கெட்டைத் தேடி நின்றேன் என்று அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அது வேறு விதமாகப் பட்டது. வெளிநாடு வந்த நம் எல்லோர் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது, நாம் கிளம்பிய வருடத்திலேயே ஊரை நிறுத்திவைத்த அறை. முதலில் அந்த மகன் நான்தான் என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தால் நான் அந்தத் தாய். போன குளிர்காலத்தில் அப்பா படியில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறார். பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். அதுவரை வீடியோவில் அவர் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி உட்காரவைத்து, "என்னடி, சாப்பிட்டியா?" என்று அம்மா பேசிக்கொண்டிருந்தார். போலிச் செய்தி வாசித்தது என் வீட்டார், படுக்கையில் கிடந்தவள் நான். அந்தப் படம் முடிந்ததும் நள்ளிரவு என்றும் பாராமல் ஊருக்குப் போன் செய்தேன். இனிமேல் எதையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மாலை வகுப்பில் ஆசிரியர் எங்களுக்கு ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 1974ஆம் வருடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ‘அங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலே அவுஃப்’. அதன் தலைப்பே இலக்கணப் பிழை. ‘பயம் உயிரைத் தின்கிறது’ என்பதை ‘பயம் தின்ன உயிர்’ என்பதுபோல, மொழி முழுதாகக் கைவராத ஒரு மொராக்கோ தொழிலாளி சொல்லும் வாக்கியம் அது. வயதான துப்புரவுப் பெண் எம்மியும் இளைஞன் அலியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். செய்தி கேட்ட மகன் டிவி பெட்டியை எட்டி உதைக்கிறான். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர், ஒன்பது நாடு. அந்தத் தலைப்பைத் திருத்துங்கள் என்று ஆசிரியர் சொன்னபோது சரியான விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

‘அல்மான்யா’ 2011இல் வந்தது, அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தாத்தாவின் குடும்பக் கதை. 1964இல் ஜெர்மனிக்கு வந்த பத்து லட்சமாவது தொழிலாளியான ஒரு போர்ச்சுக்கீசியருக்கு கொலோனில் மொபெட் வண்டி பரிசு கொடுத்து வரவேற்றார்கள். இந்தத் தாத்தா அவருக்கு அடுத்தவர். படத்தில் துருக்கியக் குடும்பம் நல்ல ஜெர்மன் பேசும், ஜெர்மானியர்களோ அர்த்தமே இல்லாத ஏதோ ஒரு மொழியில் பேசுவார்கள். வந்த முதல் வாரம் ரொட்டிக் கடையில் என் காதில் விழுந்தது அப்படியே அதுதான். ‘ஆசிரியர் அறை’ என்ற 2023ஆம் வருடப் படமும் நல்ல படம். பள்ளியில் படிக்கிற பிள்ளை இருந்தால் கட்டாயம் பாருங்கள், ஆனால் இரவில் தூக்கம் வராது.

போன மாதம் அம்மையார் என் வீட்டுக்கு வந்திருந்தபோது ‘தீபன்’ பார்த்தோம். பிரான்ஸ் நாட்டு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்து, 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. பேச்சு பெரும்பாலும் தமிழில், கீழே ஜெர்மன் எழுத்து. முதல் தடவையாக அவர் படித்துக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "இது சரியாகப் போட்டிருக்கிறார்களா?" என்று பாதியில் பாதியில் என்னைக் கேட்டார். விசாவும் விமான டிக்கெட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்தப் படத்தில் வருவதுபோல இலங்கைப் போரில் எல்லாம் இழந்து, செத்தவர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பம் என்று பெயர் பண்ணிக்கொண்டு வந்தவர்களின் பயணத்தை என்னுடையது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்தப் புதிய வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தயங்கித் தயங்கிப் பழகும் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நான் சமீபத்தில் எதையும் பார்க்கவில்லை. கடைசியில் வரும் சண்டை எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவருக்கும் அப்படித்தான். அன்று எங்களுக்குள் சண்டையே இல்லை.

அந்த உற்சாகத்தில், தியேட்டரில் ஒரு புதுத் தமிழ்ப் படத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு 16 வயது என்று சான்றிதழ். நம் ஆட்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: 12 வயதுப் படத்துக்கு ஆறு வயது நிரம்பிய குழந்தையைப் பெற்றோர் கூட்டிப்போகலாம், 16 என்றால் பெற்றோர் உடன் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அன்று வாசலில் ஒரு குடும்பம், புத்தாடை போட்ட சின்னப் பெண்ணோடு திரும்பிப் போனது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

படம் நடுவில் ‘இடைவேளை’ என்று பெரிய எழுத்தில் வந்தது. தியேட்டரில் விளக்குப் போடவில்லை, படம் அப்படியே தொடர்ந்தது. அது என்ன எழுத்து என்று அம்மையார் காதோரம் கேட்டார். சொன்னேன். "பிறகு ஏன் ஒருவரும் எழுந்திருக்கவில்லை?" என்றார்.

வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது, எப்படி இருந்தது படம் என்று கேட்டேன்.

"கான்ஸ் கூட்" என்றார்.

"சரி, எதெல்லாம் பிடிக்கவில்லை, சொல்லுங்கள்" என்றேன். அவர் கையுறையைக் கழற்றி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கதாநாயகி ஏன் பாதியில் காணாமல் போனாள் என்பது முதல் கேள்வி. எங்கள் டிராம் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. அவர் நான்காவது விரலில் இருந்தார்.