அப்பாவின் வயலுக்கு எலிக்காய்ச்சல் குளிசை எடுத்த அனுபவம்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்துகொண்டிருந்த நேரம், வந்தாறுமூலை கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குழு முழுக்க அந்தப் பேச்சுத்தான். "மர்மக் காய்ச்சல்" என்று ஒரு குரல் பதிவு வந்தது. பேசுவது யார், எந்த ஆஸ்பத்திரியில் நடந்தது, ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் இரவுக்குள் நான் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. பிறகு பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் மிகச் சிலர்.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நவம்பர் கடைசி வெள்ளம் வட்டை, அதாவது எங்கள் ஊர் வயல்வெளி, முழுவதையும் மூடி அப்போதுதான் வடிந்திருந்தது. உடைந்த வரம்பைக் கட்ட அப்பா விடிந்ததிலிருந்து தண்ணீருக்குள் நிற்பார். புல் பிடுங்க வருகிற அக்காமாரும் அப்படித்தான். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்லாமல் மாடு, எருமையின் சிறுநீரிலும் வரும். உள்ளே போகக் காலில் ஒரு கீறல் போதும். மாரி காலத்தில் சேற்றுப்புண் இல்லாத கால் எங்கள் வட்டையில் யாருக்கு இருக்கிறது?

தமிழில் தேடினால் வந்தது பெரும்பாலும் தமிழ்நாட்டு வீடியோக்கள், கசாயக் குறிப்புகள். நோயைப் பற்றி நன்றாக விளக்கிய சிலதும் இருந்தன. ஆனால் இங்கே யாரிடம் போவது என்று அவை எப்படிச் சொல்லும்? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரா வாரம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அது முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கங்களில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். வரிசையாகச் சுகாதாரப் பிராந்தியங்கள், மேலே நோய்களின் பெயர்கள், ஒவ்வொரு நோய்க்கும் கீழே ஏ, பீ என்று இரண்டு நிரல்கள். ஏ என்பது அந்த வாரத்து நோயாளர் எண்ணிக்கை, பீ என்பது வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டியது. இதைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலம் குறைவானவருக்கும் அட்டவணை வாசிக்க வரும். திருக்கோவில் தோழி ஒருத்தி அம்பாறை வரிசையில் தன் ஊர் நிலைமையைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் கல்முனைப் பிராந்தியத்துக்குள் வரும், அதற்குத் தனி வரிசை உண்டு. 2008இல் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் பதிவானதும் அந்தத் தேடலில்தான் எனக்குத் தெரிய வந்தது.

எண்ணிக்கை தெரிந்தாயிற்று, அப்பாவுக்கு என்ன செய்வது? சுகாதார பீடத்தில் படிக்கிற ஓர் அக்காதான் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க முன்கூட்டியே குடிக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிச் சொன்னா. ஊருக்குப் போகிற வழியில் ஒரு பார்மசியில் விசாரித்தேன். வயது கேட்கவில்லை, யாருக்கு என்று கேட்கவில்லை, "ஒரு அட்டை தரவா?" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாங்காமல் வந்து, மறுநாள் காலையில் எங்கள் பகுதி எம்.ஓ.எச் ஒபிஸுக்கு (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம்) போனேன்.

அங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ சேர், முதலில் என்னைத்தான் கேள்வி கேட்டார். எத்தனை பேர் வயலில் இறங்குகிறார்கள்? ஆருக்கும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? பெண்கள் இருக்கிறார்களா, அதில் கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார் இருக்கிறார்களா? பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வருகிறார்களா? இதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கேயே நின்று அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பெயர்களைக் கொப்பியில் பதிந்துவிட்டுக் குளிசையைத் தந்தார், காசு ஒன்றும் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள், 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு. குடித்த உடனே படுக்கக்கூடாது, தொண்டைக்குக் கீழே எரியும். பாலோடு குடிக்கக்கூடாது. சிலருக்கு வெயில் பட்டால் தோல் சிவக்கும். வயலில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவதுதான் நல்லது, இறங்குகிற காலம் முழுக்கத் தொடர வேண்டும். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்: குளிசை குடித்தவருக்கும் காய்ச்சல் வரலாம். வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் வயலில் இறங்கினேன்" என்று டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது இவற்றையும் சொல்ல வேண்டும். அது டெங்கு காலமும்கூட. அதனால் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு நோவுக் குளிசை எதுவும் வேண்டாம் என்றார்.

அப்பா குளிசையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காய்ச்சலே இல்ல, எதுக்கு மகள் மருந்து?" நான் அட்டவணையைப் பற்றியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டினாரே தவிர குடிக்கவில்லை. வட்டையின் வயல் காரியங்களைக் கவனிக்கிற வட்டவிதானையார் வந்து, தானும் எம்.ஓ.எச் ஒபிஸில் பெயர் பதிந்து எடுத்ததாகச் சொன்ன பிறகுதான் தண்ணீர் கேட்டார். அன்றைக்கே வாடியில் சோறு சாப்பிட்டு முடிந்ததும் மற்றவர்களும் குடித்தார்கள்.

புல் பிடுங்க வந்த ஓர் அக்காவுக்குக் கைக்குழந்தை. "எனக்கும் தாங்கோ தங்கச்சி" என்று கையை நீட்டினா. பால் கொடுக்கிறதால் உங்களுக்குத் தர முடியாது என்று சொன்னபோது அவட முகம் மாறிவிட்டது. தன்னை மட்டும் விட்டுவிட்டதாக நினைத்திருப்பா. பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தை விளங்கப்படுத்தினேன். அந்த வாரம் அப்பா அவவுக்கு மேட்டில் வேலை கொடுத்தார். பார்மசி அட்டையோடு நான் வந்திருந்தால் அவவும் குடித்திருப்பா. எனக்கு இன்றைக்கும் அதுதான் பெரிய விஷயம்.

கம்பஸ் பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள், சுகாதாரத் தகவல் அவர்களைப் போய்ச் சேருவதில்லை என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த மட்டில் எங்களில் பலர் தேடுகிறோம், அதுவும் அம்மாவுக்காக, அப்பாவுக்காக. எங்களுக்குக் கிடைக்கிற போஸ்டர்கள் "அவதானமாக இருங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. எந்த ஒபிஸ், யாரைக் கேட்பது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற விபரம் அந்தக் கொப்பியோடு இருக்கிற பி.எச்.ஐயிடம்தான் இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கம்பஸுக்குள் ஒட்டினாலே எவ்வளவோ உதவி.

ஹொஸ்டலுக்குத் திரும்பியதும் பி.எச்.ஐ சேர் சொன்னதை என் பெயரைச் சொல்லியே குரல் பதிவாகப் போட்டேன். உங்கள் ஊர் எம்.ஓ.எச் ஒபிஸுக்குப் போகாமல் கடையில் வாங்க வேண்டாம் என்பதையும் சேர்த்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளிடமிருந்துகூடக் கேள்வி வந்தது. திருக்கோவில் தோழி கேட்டாள், "அம்மா இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறா, ரெண்டையும் ஒண்டாக் குடிக்கலாமா?" சுகாதார பீட அக்காவிடம் கேட்டுச் சொன்னேன்: ஒன்றாகக் குடித்தால் டொக்சிசைக்கிளின் உடம்பில் சரியாகச் சேராது, இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் விட வேண்டும், குளிசை எடுக்கப் போகும்போது அம்மா குடிக்கிற மற்ற மருந்துகளையும் பி.எச்.ஐயிடம் காட்டச் சொல்.